பிள்ளையின் கையால் ஒரு நத்தார் வாழ்த்து

(தோட்டச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடைபெற்ற டிசம்பர் மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

காலையில் பிரட்டுக்குப் போய், பகலெல்லாம் மலையில் நின்று, அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு இங்கே வந்திருக்கிறீர்கள். இனித்தான் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும், ரொட்டி தட்ட வேண்டும் என்பதும் எமக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி, திரிபோஷ என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நத்தார் வாழ்த்து அட்டை செய்வதைப் பற்றிப் பேசப்போகிறோம். “இதென்னா, அட்டை ஒட்டுறதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?” என்று பின்னால் இருந்து யாரோ கேட்பது எமக்கும் கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறோம்.

முதலாவது அட்டை

நத்தார் அட்டை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். 1843ஆம் ஆண்டு, லண்டன் நகரில் ஹென்றி கோல் என்று ஓர் அரசாங்க உத்தியோகத்தர் இருந்தார். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1840இல், ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை அந்த நாட்டில் வந்திருந்தது. தபால் மலிவானதும் எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். நத்தார் காலத்தில் வரும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத அவருக்கு நேரம் இல்லை. ஜோன் கல்கொட் ஹோஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, ஆயிரம் அளவில் அச்சிட்டார். தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை விற்பனைக்கு விட்டார். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். அந்தக் காலத்து ஏழைக்கு அது பெரிய காசு.

அந்தப் படத்தின் நடுவில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றியிருந்து விருந்து உண்கிறது. இரண்டு பக்கத்திலும் ஏழைகளுக்குச் சாப்பாடும் உடுப்பும் கொடுக்கிறார்கள். பிள்ளைக்கும் மதுக் கிண்ணத்தை நீட்டுவதுபோல் நடுப்படம் இருந்ததால், அன்றைக்கே சிலர் அதைக் கண்டித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? கடையில் வாங்கும் அட்டை, நேரம் இல்லாத ஒரு மனுஷனுக்கு வசதியாகத்தான் முதலில் பிறந்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளையோடு இருந்து நாம் செய்கிற அட்டை அதற்கு நேர்மாறானது. அது நேரத்தை மிச்சம் பிடிக்காது. அரை மணித்தியாலத்தை வாங்கிக்கொள்ளும். அந்த அரை மணித்தியாலம்தான் அதில் உள்ள பெறுமதி.

நாங்கள் செய்த பிழை

நல்லது சொல்ல வந்த நாங்கள், எமது பிழையையும் சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் இந்த நிலையத்தில் ஒளி விழா வைத்தோம். வெளியில் இருந்து விருந்தினர் வருகிறார்கள், அட்டைகள் வடிவாக இருக்க வேண்டும் என்று எமக்கு ஆசை. பிள்ளைகள் நித்திரை கொண்ட நேரத்தில் நாங்களே இருந்து கோடு போட்டு, வெட்டி, நட்சத்திரம் ஒட்டி, மெழுகுதிரி வரைந்து முடித்தோம். பிள்ளைகள் செய்ததெல்லாம் உள்ளே கொஞ்சம் நிறம் தீட்டியதுதான். அதிலும் கோட்டுக்கு வெளியே போனதை நாங்கள் அழித்துத் திருத்தினோம்.

விழா அன்று வந்தவர்கள் பாராட்டினார்கள். ஒருவர் நான்கு வயதுப் பிள்ளை ஒன்றின் அட்டையைக் கையில் எடுத்து, “இது யாருடைய அட்டை, மகள்?” என்று கேட்டார். அந்தப் பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல், “டீச்சருடைய” என்று சொல்லிவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. அட்டை வடிவாக இருந்தது, ஆனால் பிள்ளைக்கு அதில் பங்கு இருக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் ஒரு தீர்மானம் எடுத்தோம். இனி அட்டை கோணலாக இருக்கட்டும், நட்சத்திரம் நண்டு மாதிரி இருக்கட்டும், பிள்ளையின் கை பட்டதைத்தான் வைப்போம். அன்று தொடங்கிச் செய்து பழகியதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

வீட்டில் உள்ளதே போதும்

இதற்காகச் சல்லி செலவழிக்க வேண்டாம். மினுங்கும் தூள், பளபளக்கும் கடதாசி ஒன்றும் தேவையில்லை.

அட்டைக்கு, முடிந்த வருடத்துக் கலண்டரின் பின்பக்கம் நல்ல வெள்ளை. சவர்க்காரப் பெட்டி, பற்பசைப் பெட்டி, தேயிலைப் பெட்டி இவற்றைப் பிரித்தால் உள்பக்கம் எழுதலாம். பழைய கொப்பியின் மட்டையும் நல்லது. 2022ஆம் ஆண்டு கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். அந்த வருடத்தில் கொப்பி விலை கேட்டுத் திரும்பி வந்த தகப்பன்மார் இங்கேயும் இருக்கிறீர்கள். ஆகவே ஒரு பெட்டியைக்கூட அடுப்பில் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பசைக்கு, கோதுமை மா இரண்டு மேசைக்கரண்டி எடுங்கள். ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, சிறு நெருப்பில் வைத்துக் கிண்டுங்கள். கஞ்சி பதத்துக்கு வந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இரண்டு நாள் வைத்துப் பாவிக்கலாம். வாயில் பட்டாலும் பயம் இல்லை.

நிறத்துக்கு, மஞ்சள் தூளைச் சில துளி தண்ணீரில் குழைத்தால் மஞ்சள் நிறம். பீட்ரூட் கிழங்கைத் துருவிப் பிழிந்தால் கருஞ்சிவப்பு. தேத்தண்ணி வடித்த சக்கையை மறுபடி கொதிக்க வைத்து வற்றவிட்டால் மண்ணிறம். அடுப்புக் கரியைப் பொடியாக்கி மாப்பசையில் குழைத்தால் கறுப்பு. பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரு வித்தையும் உண்டு. மஞ்சள் பூசிய கடதாசி காய்ந்ததும், சவர்க்காரத் தண்ணீரில் குச்சியைத் தொட்டு அதன்மேல் கோடு கீறினால் கோடு சிவப்பாக மாறும். “டீச்சர், மந்திரம்!” என்று கத்துவார்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். மஞ்சள் நிறம் வெயிலில் வைத்தால் மங்கும். பீட்ரூட் நிறமும் நாள் போகப் போக வாடும். ஆகவே இவற்றால் செய்த அட்டையைப் பண்டிகைக்கு முதல் வாரம் செய்வது நல்லது. நல்ல உடுப்பையும் போட வேண்டாம், மஞ்சள் கறை லேசில் போகாது.

அச்சுக்கு, சந்தையில் வாங்கும் வெண்டிக்காய் ஒன்று போதும். காம்பில் இருந்து ஒரு அங்குலம் தள்ளிக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து மூலை நட்சத்திரமாக இருக்கும். காம்புப் பக்கம் சின்னக் கைக்குப் பிடி மாதிரி அமையும். வெட்டிய இடத்தில் வரும் வழுவழுப்பைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் பிடிக்காது. பழைய துணியை நாலாக மடித்து, பீரிசில் வைத்து, நிறத்தை ஊற்றுங்கள். அதில் ஒரு தொடல், கடதாசியில் ஒரு குத்தல், நட்சத்திரம் தயார். பெத்லகேமில் கண்ட நட்சத்திரத்தை எங்கள் பிள்ளைகள் வெண்டிக்காயில் கண்டுபிடித்திருக்கிறார்கள்! கரட் நுனியை வெட்டினால் வட்டம். லீக்ஸ் தண்டை வெட்டினால் வளையத்துக்குள் வளையம்.

இலை அச்சும் லேசானது. இது பிள்ளைகளுக்குப் புதிது அல்ல. அடிப்பக்கம் வெள்ளை மாவு பூசினாற்போல் இருக்கும் பன்ன இலையைக் கையில் வைத்து ‘பட்’ என்று அடித்து, வெள்ளைக் கோலம் பதித்து விளையாடாத பிள்ளை யார்? அதே வேலைதான் இது. தேயிலையின் முற்றிய இலை ஒன்றை எடுத்து, நரம்பு தெரியும் பக்கத்தில் நிறம் பூசி, மேலே கடதாசியை வைத்து உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் நடு நரம்பு, கிளை நரம்பு, ஓரத்தில் உள்ள பல் எல்லாம் பதிந்திருக்கும். கொழுந்தைக் கிள்ள வேண்டாம், அது நம் சம்பளம். முற்றின இலை போதும்.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. மருந்து அடித்த மலையில் இலை பறிக்கக் கூடாது. எப்போது அடித்தார்கள் என்று தெரியாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். எந்த இலை என்றாலும் கழுவித்தான் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். மருந்துப் போத்தல் வந்த பெட்டி, உரம் வந்த உறை எதையும் அட்டைக்கு எடுக்கக் கூடாது. குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, சின்ன மணி, பொத்தான் இவை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். நாம் திரும்புவதற்குள் வாய்க்குள் போய்விடும். கத்தியால் வெட்டும் வேலை எல்லாம் பெரியவர்களுடையது.

வயதுக்கு ஏற்ற வேலை

எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வேலையை எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு விரல்தான் தூரிகை. விரலைத் தோய்த்து இழுக்கும், அப்பும், நக்கியும் பார்க்கும். பத்து நிமிடம் இருந்தாலே பெரிய விஷயம். எழும்பி ஓடினால் விட்டுவிடுங்கள். பிடித்து இழுத்து இருத்தினால் அடுத்த முறை கடதாசியைக் கண்டாலே அழும்.

மூன்று வயதில் கிழிக்கவும் ஒட்டவும் கொடுக்கலாம். கடதாசியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழிப்பது விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பழகுவது அங்கேதான். கொழுந்து எடுக்கிற உங்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இரண்டு விரலும் ஒன்றாக வேலை செய்யாவிட்டால் கூடை நிறையுமா? பென்சில் பிடிக்கவும் அதே விரல்கள்தான் வேண்டும். வெண்டிக்காய் அச்சும் இந்த வயதுக்கு ஏற்றது.

நான்கு, ஐந்து வயதில் முனை மழுங்கிய கத்தரிக்கோலை நாம் பக்கத்தில் இருந்துகொண்டு கொடுக்கலாம். தானே மடிக்கும், தானே படம் கீறும். என்ன எழுத வேண்டும் என்று வாயால் சொல்லும். தன் பெயரின் முதல் எழுத்தைப் போடப் பார்க்கும்.

எந்த வயது என்றாலும் ஒரு விதி. பிள்ளையின் கையைப் பிடித்து நாம் வரையக் கூடாது. “ஆட்டுக்கு அஞ்சு காலா? தா, நான் போடுறேன்” என்று பறிக்கக் கூடாது. “இது என்னா, சாமி? சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். அந்த ஐந்தாவது கால் வால் என்று பிள்ளை சொல்லும். அல்லது ஆட்டுக்குட்டி பின்னால் நிற்கிறது என்று சொல்லும். பிள்ளையின் வாயில் பேச்சு வளர்வது அப்படித்தான்.

அம்மாயி கேட்ட கேள்வி

இனி நாங்கள் மறக்க முடியாத ஒரு விஷயம்.

பெருவிரலை நிறத்தில் தோய்த்துக் கடதாசியில் பதித்தால் ஒரு முட்டை வடிவம் வரும். அதற்கு மேலே சுடர் வரைந்தால் விளக்கு. பக்கத்தில் சொண்டும் காலும் வைத்தால் குருவி. நாலைந்தைச் சுற்றிப் பதித்தால் பூ. பிள்ளைகளுக்கு இது மிகவும் விருப்பம். ஒருநாள் நாங்கள் எல்லோரையும் வரிசையில் இருத்தி, பெருவிரலைத் தோய்த்துப் பதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மாயி வாசலில் நின்று பார்த்தார். அவரது முகம் மாறிவிட்டது.

“ஏம்மா, நாங்கதான் கைநாட்டு வச்சே காலத்தக் கழிச்சோம். இந்தப் புள்ளைக்கும் அதையேவா சொல்லிக் குடுக்கிறீங்க?”

எமக்கு வாய் அடைத்துவிட்டது. சம்பளப் பட்டியலில் பெருவிரல், கடன் கடதாசியில் பெருவிரல் என்று வாழ்ந்தவர் அவர். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன பிறகு எத்தனை மனுக்கள், எத்தனை படிவங்கள்! 1964இல் இரண்டு நாட்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து, இவ்வளவு பேர் இங்கே, இவ்வளவு பேர் அங்கே என்று பிரித்தபோது, தாம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே பெருவிரலை வைத்தவர்கள் எத்தனை பேர்! எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனையும் அந்த அம்மாயியின் பெருவிரலில் இருந்தது. நாங்கள் விளையாட்டாக நினைத்ததை அவர் எப்படிப் பார்ப்பார் என்று எமக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் அவரை உள்ளே கூப்பிட்டு, பேத்தியின் பக்கத்தில் இருத்தினோம். அந்தப் பிள்ளை பதித்த பெருவிரலுக்கு மேலே சுடர் வரைந்து விளக்காக்கியது. பிறகு பென்சிலை எடுத்து, விளக்குக்குக் கீழே தன் பெயரின் முதல் எழுத்தைக் கோணலாக எழுதியது. “அம்மாயி, இது நானு” என்று காட்டியது. அம்மாயி அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. போகும்போது, “பேரையும் எழுத வைங்க. அதையும் சேர்த்து வைங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் எமது நிலையத்தில் அது வழக்கமாகிவிட்டது. பெருவிரல் பதிக்கும் அட்டையில் கட்டாயம் பெயர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு நாங்கள் புள்ளி வைத்துக் கொடுக்கிறோம், அது புள்ளியைச் சேர்க்கிறது. அதுவும் முடியாவிட்டால், பெயரை நாங்கள் எழுதி, எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டுகிறோம். வீட்டில் நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்களுக்கு எழுத வராது என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூத்த பிள்ளையை எழுதச் சொல்லி, சின்னதோடு நீங்களும் இருந்து பாருங்கள். பெரியவர்கள் எழுத்தை ஆசையோடு பார்க்கிறார்கள் என்று கண்டால், பிள்ளைக்கும் அந்த ஆசை வரும்.

அட்டைக்குள் என்ன எழுதுவது

‘இனிய நத்தார் வாழ்த்துக்கள்’ என்று வெளியே எழுதுங்கள். சிங்களம் பேசும் அயலவருக்கு, தோட்டத்து மருத்துவமாதுவுக்குக் கொடுப்பதென்றால் ‘சுப நத்தலக் வேவா’ என்று சிங்களம் படிக்கும் அண்ணன், அக்கா எழுதிக் கொடுக்கலாம். ஆனால் உள்ளே பிள்ளை சொல்வதைத்தான் எழுத வேண்டும்.

தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் ஒரு பையன் எம்மிடம் இருந்தான். “அம்மாவுக்கு என்னா எழுதணும்?” என்று கேட்டோம். நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்வான் என்று பேனையோடு காத்திருந்தோம். அவன் சொன்னான்: “எங்க பூன குட்டி போட்டிருக்கு. நீ எப்ப வருவ?” இதையா எழுதுவது என்று முதலில் தயங்கினோம். பிறகு அவன் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினோம். அவனுடைய பாட்டியின் மகன் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்று இரவே தாய் பேசினாராம். எத்தனை குட்டி, என்ன நிறம் என்று கேட்டு, பிறகு அழுதாராம். ‘வாழ்த்துக்கள்’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்குமா?

படம் அனுப்பினாலும் அட்டையை வீசிவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியில் வைத்திருங்கள். தாய் வரும்போது பிள்ளை தன் கையால் கொடுக்கட்டும்.

யாருக்குக் கொடுப்பது, எப்படி அனுப்புவது

கொழும்பில் கடையில் வேலை செய்யும் தகப்பன், தையல் வேலைக்குப் போன அக்கா, பணிய லயத்துச் சித்தி, எல்லோருக்கும் கொடுக்கலாம். ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிப் போன சொந்தங்கள் நீலகிரிப் பக்கம் இருந்தால், முகமே காணாத அந்தப் பெரியப்பா, பெரியம்மாவுக்கும் ஒரு சின்ன அட்டை போகட்டும். அங்கேயும் தேயிலைதான். இந்த இலை அச்சைப் பார்த்தால் அவர்களுக்கு விளங்கும்.

தபாலில் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லயக் காம்பராவுக்குச் சரியான விலாசம் இல்லாமல், தோட்டத்துக் கந்தோருக்கு வந்து கைமாறிப் போகும் கடிதங்கள் எத்தனையோ தவறியிருக்கின்றன. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஆகவே பெயரோடு தகப்பன் பெயர், லயத்தின் இலக்கம், டிவிஷன், தோட்டம், தபாற் கந்தோர் இருக்கும் ஊர் எல்லாவற்றையும் தெளிவாக எழுதுங்கள். அனுப்புகிறவரின் விலாசத்தையும் பின்னால் போடுங்கள். உள்நாட்டுக்கு இரண்டு கிழமை முன்னரும், வெளிநாட்டுக்கு ஒரு மாதம் முன்னரும் போட்டுவிடுவது நல்லது. பிள்ளையையும் தபாற் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தன் கையால் முத்திரை ஒட்டி, தன் கையால் பெட்டிக்குள் போடட்டும். தனக்கும் ஒரு விலாசம் உண்டு, தன் சொல் தூரத்துக்குப் போகும் என்று பிள்ளைக்கு விளங்கும்.

கோயில் வீட்டுப் பிள்ளைக்கும்

“நாங்க கோயிலுக்குப் போற ஆளுங்க, எங்க புள்ளைக்கு எதுக்கு நத்தார் அட்டை?” என்று சிலர் கேட்கலாம். நம் லயத்தில் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு எந்த வாசலோடு நிற்கிறது? வேதக்கார வீட்டுக்கும் போகிறது. நத்தாருக்கு அவர்கள் கேக் துண்டு கொண்டுவந்து தருகிறார்கள். மார்கழியில் ஒரு பக்கம் பஜனை, ஒரு பக்கம் கரோல், இரண்டையும் ஒரே பனிக்குள் நின்று கேட்கிறோம். ஆகவே உங்கள் பிள்ளை பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு ஒரு நத்தார் அட்டை கொடுக்கட்டும். தை பிறந்ததும் அந்தப் பிள்ளை பொங்கல் வாழ்த்து செய்து தரட்டும். வெண்டிக்காய் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரு பானையும் கரும்பும் கீறினால் போதும். அட்டை செய்யும் முறை ஒன்றுதான்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

எமக்குத் தெரியும், உங்களிடம் இல்லாதது நேரம்தான். தினமும் கேட்கவில்லை. நத்தாருக்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்லது ஒரு போயா நாள், அரை மணித்தியாலம் மட்டும். தகப்பன்மாரே, இதை “பொம்பளைங்க வேலை” என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரேடியோவை, போனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துவிட்டு, இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்து, பிள்ளையோடு உட்காருங்கள். நீங்களும் ஒரு பெருவிரலைப் பதியுங்கள். உங்கள் பெரிய விளக்குக்குப் பக்கத்தில் அதன் சின்ன விளக்கு. கீழே இரண்டு பேருடைய பெயரும் இருக்கட்டும்.

ஈரமான அட்டையை அடுப்படியில், நெருப்புக்குத் தள்ளிக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். வளைந்துவிட்டால் தலையணைக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள்.

அட்டை வடிவாக வராவிட்டால் கவலை வேண்டாம். “இது யாருடைய அட்டை?” என்று நாங்கள் கேட்போம். “என்னுடைய” என்று பிள்ளை சொன்னால் அது நல்ல அட்டை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒன்றைக் கொண்டுவாருங்கள். இந்தச் சுவரில் எல்லாவற்றையும் ஒட்டுவோம். அந்த அம்மாயியையும் பார்க்க அழைப்போம்.

எல்லோருக்கும் எமது முன்கூட்டிய நத்தார் வாழ்த்துக்கள். மழை பிடிக்க முதல் வீடு போய்ச் சேருங்கள். வெளியே வெட்டிய வெண்டிக்காயும் கொஞ்சம் கடதாசியும் வைத்திருக்கிறோம். போகும்போது வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.